நீங்கினரா, நீக்கப்பட்டனரா?

இங்கிலாந்தில் இடைக்காலத்திலும் அதற்குப் பின்னும் மக்களின்றிப் போன சிற்றூர்கள் 2,000-க்கும் மேற்பட்டவை. அவற்றைக் ‘கைவிடப்பட்ட ஊர்கள்’ என்கிறோம். ஓர் ஊரின் அருகில் மாளிகை நின்றால், அது ‘எஞ்சிய மாளிகை’ ஆகிவிடுகிறது. இவ்விரு தொடர்களும் நடந்ததைச் சரியாகச் சொல்கின்றனவா என்பதை வார்விக்‌ஷயரின் வார்ம்லேட்டன் என்னும் ஊரைக் கொண்டு ஆராய்வோம்.

1348-இல் இங்கிலாந்தை அடைந்த கொள்ளைநோய் எண்ணற்ற ஊர்களை மெலிவித்தது. ஆட்கள் குறைந்தனர், கூலி உயர்ந்தது, தானியத்தைவிடக் கம்பளி ஆதாயம் தந்தது. எனினும் வார்ம்லேட்டன் நோயால் அழியவில்லை. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஏழாம் ஹென்றியின் அரண்மனை அலுவலரான வில்லியம் கோப் விளைநிலத்தை வேலியிட்டு மேய்ச்சல் நிலமாக்கினார். 12 வீடுகளும் 3 குடில்களும் அழிந்தன. 60 பேர் வெளியேற்றப்பட்டனர். ‘லேட்டன்’ என்னும் பின்னொட்டுக்குப் பழைய ஆங்கிலத்தில் கீரைத்தோட்டம் என்பது பொருள். தோட்டத்தின் பெயர் கொண்ட ஊர் ஆடுகளுக்கு உரியதாயிற்று.

1506-இல் அவ்வூரை ஜான் ஸ்பென்சர் விலைக்கு வாங்கி, அங்கே புதிய மாளிகை எழுப்பினார். பிற்காலத்தில் இளவரசி டயானா பிறந்த குடும்பத்தின் முன்னோர் இவரே. 1517-இல் அரசு வேலியடைப்புகளை விசாரித்தபோது, நிலம் தம் கைக்கு வருமுன்பே மேய்ச்சல் நிலமாகிவிட்டது, வீடுகள் கட்டியும் தேவாலயத்தைச் செப்பனிட்டும் மரங்கள் நட்டும் தாம் ஊரைப் பேணியதாக அவர் வாதிட்டார். உள்நாட்டுப் போரின்போது, 1646-இல், மாளிகையின் பெரும்பகுதி அழிந்தது. செங்கற்பகுதியொன்றும் 1613-இன் நுழைவாயிற் கட்டடமும் இன்றும் உள்ளன. பழைய ஊர் புல்வெளியில் மேடுபள்ளங்களாகத் தெரிகிறது.

ஆகவே, மாளிகை ஊரோடு வாழ்ந்து எஞ்சியதன்று. ஊர் வெறுமையான பின் எழுந்தது. ‘கைவிடப்பட்ட’ என்னும் செயப்பாட்டுவினையோ வினைமுதலை மறைக்கிறது. தமிழில் நீங்குதல் தன்வினை, நீக்குதல் பிறவினை. அவ்வூரார் நீங்கினர் என்றால் பொறுப்பு அவர்களுடையது. நீக்கப்பட்டனர் என்றால் நீக்கியவர் யார் என்ற வினா எழும். கோப், ஸ்பென்சர் ஆகியோரின் பெயர்களை வரலாறு காத்துள்ளது. அந்த 60 பேரையோ எண்ணிக்கையாகவே நினைவுகூர்கிறோம். வரலாற்றுப் பாடம் நடத்தும் ஆசிரியரும் அதைப் பயிலும் மாணவரும் வினைச்சொல்லைத் தேர்ந்து எழுதினால், அந்த 60 பேருக்கு நேர்ந்ததையேனும் மறையாமல் காக்கலாம்.