தாமரை இலையும் தாவரவியலாளரும்

தாமரையிலையில் நீர் தங்கியும் ஒட்டாமை நம்மவர்க்குப் பழகிய காட்சியாகும். பகவற்கீதையின் ஐந்தாம் அத்தியாயம், பற்றின்றி வினையாற்றுவானை அவ்விலைக்கு ஒப்பிடுகின்றது. உவமை கண்ட முன்னோர் அதனை அறவாழ்வுக்கு உரியதாக்கினர். ஆயின், சேற்றிடைத் தோன்றும் இலையில் அழுக்குப் படியாமைக்குக் காரணம் யாது என்னும் வினாவிற்கு முழுமையான விடை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே கிடைத்தது. அதனைத் தந்தவர் பொறியியலாளர் அல்லர். தாவரங்களை இனம் பிரித்து வகுக்கும் பணியில் ஈடுபட்டிருந்த வில்ஹெல்ம் பார்த்லொட் என்பவர்.

இவர் 1946 ஆம் ஆண்டில் ஜேர்மனியிற் பிறந்து, ஹைடெல்பேர்க் பல்கலைக்கழகத்திற் கல்வி கற்றார். 1970 களில், இலைகளின் மேற்பரப்பை இலத்திரன் நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்து, அங்குக் காணப்பட்ட அமைப்புகளைக் கொண்டு தாவரங்களின் உறவுமுறையைத் துணிவதே அவர் நோக்கமாக இருந்தது. அப்பணியிடையே ஒரு சிறு செய்தி அவர் கருத்தை ஈர்த்தது. வழுவழுப்பான இலைகளை ஆராயுமுன் தூசு போகக் கழுவவேண்டியிருந்தது. மெழுகு பூத்துச் சொரசொரப்பாக இருந்த இலைகளோ கழுவாமலே தூயனவாக இருந்தன. வழுவழுப்பே தூய்மைக்கு ஏது என்னும் பொதுக் கருத்துக்கு இது முற்றும் மாறானது.

காரணம் இதுவாகும். தாமரையிலையின் மேற்றோலில், ஒரு மில்லிமீற்றரின் நூறிலொரு பங்களவான நுண்ணிய மேடுகள் செறிந்துள்ளன. அவற்றின்மீது ஏறத்தாழ 100 நனோமீற்றர் தடிப்புள்ள மெழுகுக் குழாய்கள் போர்த்துள்ளன. அவற்றினிடையே காற்று தங்குவதால், நீர்த்துளி மேடுகளின் நுனிகளை மட்டுமே தொட்டு உருண்டை வடிவுடன் நிற்கின்றது. தூசும் அந்நுனிகளிலேயே தங்குவதால் இலையை இறுகப் பற்றுவதில்லை. உருளும் துளி அதனைத் தன்னோடு வாரிச் செல்கின்றது. நோய் விளைக்கும் பூஞ்சண வித்திகளும் இவ்வாறே அகற்றப்படுகின்றன.

1977 இலேயே இத்தன்மை அச்சில் குறிக்கப்பட்டதாயினும், அது பெரிதும் பேசப்படவில்லை. 1985 இல் பொன் நகரப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராகவும் அதன் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராகவும் அமர்ந்த பார்த்லொட், நைன்ஹுயிஸ் என்பாருடன் இணைந்து 1997 இல் 'பிளாந்தா' என்னும் ஆய்விதழில் விரிவான கட்டுரையை வெளியிட்டார். புனிதத் தாமரையின் தூய்மை அக்கட்டுரையின் தலைப்பிலேயே இடம்பெற்றது. 1999 இல் இத்தத்துவத்தைத் தழுவிய சுவர்ப்பூச்சு விற்பனைக்கு வந்தது. அவ்வாண்டே ஜேர்மனியின் சுற்றாடற் பரிசும் அவருக்குக் கிடைத்தது. ஆயினும் செயற்கைப் பரப்பு இலைக்கு நிகராகிவிடவில்லை. இலை தன் மெழுகை மீண்டும் சுரந்து கொள்ளும். பூச்சோ தேய்ந்தால் தேய்ந்ததே.

அவர் ஆய்வு தாமரையோடு நின்றுவிடவில்லை. நம் நாட்டின் நீர்நிலைகளில் தொல்லைதரும் களையாகப் பரவிய சல்வீனியாவின் இலையை அவரும் அவர்தம் குழுவினரும் ஆராய்ந்து, 2010 இல் முடிபுகளை வெளியிட்டனர். அவ்விலையின் மயிர்கள் நீரை விலக்குவன. அவற்றின் நுனிகள் மட்டும் நீரைப் பற்றுவன. அதனால் நீரினுள் அமிழ்ந்தபோதும் அவ்விலையின்மேல் காற்றுப்படலம் நெடுநாள் நிலைக்கின்றது. இத்தகைய படலத்தைக் கப்பலின் அடிப்பாகத்திற் போர்த்தால் உராய்வும் எரிபொருட் செலவும் குறையும் என்பது ஆய்வாளர் எதிர்பார்ப்பு. நாம் களையெனப் பிடுங்கி எறிவதிலும் கற்கவேண்டிய பாடம் உண்டு.

பயன்தராத கல்வியென்று தாவரப் பாகுபாட்டியலைப் புறக்கணிப்போர் இவ்வரலாற்றை நோக்குதல் வேண்டும். பயனை முன்வைத்துத் தொடங்கியிருப்பின் பார்த்லொட் ஆயிரக்கணக்கான இலைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்திரார். ஆராயாதிருப்பின் சொரசொரப்பின் தூய்மை அவர்க்குப் புலப்பட்டிராது. உலகில் தாவர இனங்களின் பரம்பலைக் காட்டும் படத்தையும் அவரும் உடனாய்வாளரும் 1996 இல் வெளியிட்டமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. ஓரினம் அழியுமாயின், நாம் இன்னும் படித்தறியாத நூலொன்று எரிந்ததற்கு அஃது ஒப்பாகும். உவமை கூறி வியந்ததோடு அமையாது, வியப்பை வினாவாக்கும் மாணாக்கர்க்கு நம் குளங்களும் வயல்களும் இன்றும் திறந்த ஆய்வுகூடங்களே.