லாரி ரசீதின் கடைசி வரி

மாட்டுங்காவில் அப்பளமும் காப்பிப் பொடியும் விற்கும் ஒரு சிறு கடைக்கோ, தாராவியில் தோற்பை தைக்கும் ஒரு பட்டறைக்கோ தமிழ்நாட்டிலிருந்து சரக்கு வருகிறதென்றால், அதனுடன் ஒரு காகிதமும் வருகிறது. அனுப்பியவர் பெயர், பெறுபவர் பெயர், மூட்டைகளின் எண்ணிக்கை, எடை, வாடகை ஆகியவை அதில் குறிக்கப்பட்டிருக்கும். அதுவே லாரி ரசீது. மூட்டைக் கணக்கைச் சரிபார்த்துவிட்டு அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது நம்மவர் வழக்கம். அதன் அடியில், கண்ணை இடுக்கிக்கொண்டு படிக்க வேண்டிய சின்னஞ்சிறு எழுத்தில், சில நிபந்தனைகள் அச்சிடப்பட்டிருக்கும். வழக்கு எழுமாயின் இன்ன நகரத்து நீதிமன்றத்துக்கு மட்டுமே அதை விசாரிக்கும் அதிகாரம் உண்டு என்பது அவற்றுள் ஒன்று. அந்த நகரம் பல ரசீதுகளில் நாம் பிழைப்பு நாடி வந்து சேர்ந்த இந்த மும்பையாகவே இருந்திருக்கிறது.

இந்த ஒரு வரியை முன்னிட்டுத் தமிழ்நாட்டு வணிகர்கள் உச்ச நீதிமன்றம் வரை சென்றிருக்கிறார்கள். அந்தக் கதையைச் சொல்லுமுன், சரக்கை ஏற்றிச் செல்பவர் அதற்கு எவ்வளவு தூரம் பொறுப்பாளி என்ற பழைய கேள்வியைச் சற்றே பார்த்துக்கொள்வது நலம்.

சங்க காலத்தில் உமணர் என்போர் நெய்தல் நிலத்து உப்பை வண்டிகளில் ஏற்றி உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டுசென்று விற்றனர். உப்பும் அவர்களுடையது, வண்டியும் அவர்களுடையது. மழையில் உப்புக் கரைந்தால் நட்டம் யாருக்கு என்று கேட்க அங்கே இரண்டாவது ஆள் இல்லை. சரக்குக்கு ஒருவரும் வண்டிக்கு வேறொருவரும் உரிமையாளராகும்போதுதான் வழக்குப் பிறக்கிறது.

இங்கிலாந்தில் இதற்கொரு கடுமையான விதி இருந்தது. கூலி பெற்று எவருடைய சரக்கையும் ஏற்றிச் செல்வதைத் தொழிலாகக் கொண்டவர், இயற்கையின் சீற்றத்தாலோ பகைவர் படையாலோ அன்றி வேறெவ்விதத்தில் சரக்கு அழிந்தாலும் ஈடு தரவேண்டும் என்பதே அவ்விதி. 1703இல் தலைமை நீதிபதி ஹோல்ட் இதற்குக் காரணம் கூறினார். வண்டிக்காரன் கள்வருடன் இரகசியமாகக் கைகோத்துக்கொண்டு, பின்னர் வழிப்பறி நடந்துவிட்டது என்று சொன்னால், சரக்குக்கு உரியவர் அதை எவ்வாறு மெய்ப்பிப்பார்? ஆகவே பொறுப்பு முழுவதையும் ஏற்றிச் செல்பவர் தலையிலேயே வைத்தனர். வண்டிக்காரர் அனைவரையும் ஐயுறுவது நமக்குச் சற்று அநியாயமாகவே படுகிறது. ஆயினும் வழியில் நடந்ததை அறிந்தவர் வண்டிக்காரர் ஒருவரே என்ற அடிப்படையை மறுப்பதற்கில்லை.

இந்த விதியை ஒட்டி, இந்தியாவில் 1865ஆம் ஆண்டு மூன்றாம் சட்டமாகச் சரக்கேற்றுவோர் சட்டம் இயற்றப்பட்டது. பொன், வெள்ளி, முத்து, பட்டு, தந்தம், சந்தனக் கட்டை போன்ற பொருள்கள் அதன் அட்டவணையில் இருந்தன. அவற்றின் மதிப்பு நூறு ரூபாய்க்கு மேற்படுமாயின், அதை முன்கூட்டித் தெரிவித்தாலன்றி இழப்பீடு இல்லை. மற்றப் பொருள்களுக்கு, உரியவர் கையொப்பமிட்ட தனி ஒப்பந்தத்தின் வாயிலாகப் பொறுப்பைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் தம்முடைய அல்லது தம் ஆட்களுடைய கவனக்குறைவால் நேர்ந்த நட்டத்துக்கு அவர் பொறுப்பாளியே. கவனக்குறைவு இருந்தது என்று வழக்காடுபவர் மெய்ப்பிக்க வேண்டியதுமில்லை. சிறு வணிகருக்கு இது பெரிய கவசம்.

அந்தக் கவசத்துக்கு ஒரு சோதனை வந்தது. அது பம்பாயில்தான் வந்தது. 1872இல் இந்திய ஒப்பந்தச் சட்டம் பிறந்தது. பிறர் பொருளைக் கையில் வைத்திருப்பவர், ஒரு சாதாரண விவேகி தன் பொருளைப் பேணும் அளவுக்குப் பேணினால் போதும் என்று அது கூறியது. சரக்கேற்றுவோருக்கும் இந்த எளிய அளவே பொருந்துமா? பொருந்தும் என்று 1878இல் குவர்ஜி துளசிதாஸ் என்பவர் கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வேயுடன் நடத்திய வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொருந்தாது என்று 1883இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் கூறியது. எட்டு ஆண்டுகள் ஒரே நாட்டில் இரண்டு நீதி நிலவியது. பர்மாவின் ஐராவதி ஆற்றில் கப்பல் விட்ட ஒரு கம்பெனியின் வழக்கில், 1891இல் லண்டன் பிரிவி கவுன்சில் கல்கத்தாவின் கருத்தே சரியெனக் கூறி இப்பிணக்கைத் தீர்த்துவைத்தது. பழைய கடும் பொறுப்பு நிலைபெற்றது.

பின்னர் லாரிகளின் காலம் வந்தது. 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கூலிக்கு ஓடும் லாரியையும் சொந்தச் சரக்குக்கு ஓடும் லாரியையும் பிரித்துக் காட்டியது. பழைய லாரிகளின் நெற்றியில் ‘பப்ளிக் கேரியர்’ என்று எழுதியிருந்ததை மூத்த நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாமக்கல்லும் சங்ககிரியும் திருச்செங்கோடும் லாரிக்குப் பெயர் பெற்ற ஊர்களாயின. ஒன்றோ இரண்டோ லாரி வைத்திருப்பவர் ஊர் ஊராகச் சென்று சரக்குத் தேட இயலாது. எனவே வணிகருக்கும் லாரிக்காரருக்கும் நடுவே புக்கிங் ஆபீசும் தரகரும் வந்தனர். ரசீதை அச்சிட்டவர்கள் அவர்கள். கடைசி வரியை எழுதியவர்களும் அவர்களே.

கவனக்குறைவுக்குப் பொறுப்பில்லை என்று எழுதச் சட்டம் இடம் தரவில்லை. ஆனால் வழக்கை எங்கே போடுவது என்பதை எழுதிக்கொள்ளலாமல்லவா? ஒரு மூட்டைக்கு ஈடு கேட்க ஆயிரம் மைலுக்கு மேல் ரயிலேறி, அயலூரில் வக்கீல் அமர்த்தி, வாய்தாவுக்கு வாய்தா வந்து போவதென்றால், கேட்பவரே கேட்பதை விட்டுவிடுவார். 1971இல் ஹாக்கம் சிங் என்ற ஒப்பந்தக்காரர் ஒரு கட்டுமானக் கம்பெனியுடன் வழக்காடியபோது, பம்பாய் நீதிமன்றத்துக்கே அதிகாரம் என்று எழுதிக் கொடுத்தவர் பம்பாய்க்குத்தான் போகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அக்கம்பெனியின் தலைமை அலுவலகம் பம்பாயில் இருந்ததால், அங்கும் வழக்குத் தொடுக்கச் சட்டப்படி இடமிருந்தது.

இதன் பிறகுதான் போடிநாயக்கனூர் வழக்கு வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஏலக்காய் வாணிபத்துக்குப் பேர்போன ஊர் அது. பிரசாத் டிரேடிங் கம்பெனி என்ற ஏலக்காய் வணிகர்கள், பட்டேல் ரோட்வேஸ் நிறுவனத்தின் போடிக் கிளையில் 850 மூட்டை ஏலக்காயை டில்லிக்கு ஒப்படைத்தனர். சரக்கு டில்லி போய்ச் சேர்ந்தது. அங்கே கிடங்கில் இருக்கையில் தீப்பிடித்துச் சேதமுற்றது. பெற வேண்டியவர் பெற மறுத்தார் என்பது வணிகர் தரப்பு. ஊழியரின் கவனக்குறைவே காரணம் என்று கூறி அவர்கள் பெரியகுளம் சார்பு நீதிமன்றத்தில் ஈடு கேட்டனர். பம்பாய் நகர நீதிமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதே என்றது நிறுவனம். சென்னைக் கிளையில் டில்லிக்கு ஒப்படைத்த சரக்கைப் பற்றிய மற்றொரு வழக்கிலும் அதே நிறுவனம் இதே தடையை எழுப்பியது. சென்னை உயர் நீதிமன்றத்தைக் கடந்து இரண்டும் ஒன்றாக உச்ச நீதிமன்றத்தை அடைந்தன.

1991 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. இரண்டு நீதிமன்றங்களுக்கு அதிகாரம் இருக்குமானால் அவற்றுள் ஒன்றை ஒப்பந்தத்தால் தேர்ந்துகொள்ளலாம். அதிகாரமே இல்லாத நீதிமன்றத்துக்கு அதை ஒப்பந்தத்தால் உண்டாக்கித் தர இயலாது. இதுதான் பழைய விதி. ஒரு கம்பெனிக்குக் கிளை இருக்கும் ஊரிலேயே வழக்குக்குரிய காரணம் எழுமானால், அந்த வழக்கைப் பொறுத்தவரை கம்பெனி தொழில் நடத்தும் இடம் அந்தக் கிளையே ஆகும்; தலைமை அலுவலகம் ஆகாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 20ஆம் பிரிவுக்கான விளக்கத்தை நீதிமன்றம் இவ்வாறே படித்தது. ஏலக்காய் ஏறியது போடியில், சேதமுற்றது டில்லியில். பம்பாயில் நடந்தது ஒன்றுமில்லை. தலைமை அலுவலகம் அங்கே இருந்தது, அவ்வளவே. எனவே பம்பாய்க்கு அதிகாரமில்லை, பெரியகுளத்துக்கு உண்டு. தீ யார் குற்றம் என்பதை உச்ச நீதிமன்றம் இத்தீர்ப்பில் முடிவு செய்யவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அது பெரியகுளத்தில் விசாரிக்க வேண்டிய செய்தி.

இதற்கு இரண்டாண்டுகள் முன்பு, 1989இல், சேலத்து வணிகர் ஒருவரும் இத்தகைய வரியில் சிக்கினார். அது லாரி வழக்கன்று. குஜராத்திலிருந்து வாங்கிய உலோக இழையைப் பற்றியது. வழக்கெல்லாம் கைரா மாவட்ட நீதிமன்றத்துக்கு உட்பட்டது என்று ஒப்பந்தம் கூறியது. ‘மட்டும்’, ‘மாத்திரமே’ என்ற சொல் அதில் இல்லை. ஆகவே சேலத்திலும் வழக்காடலாம் என்றது உச்ச நீதிமன்றம். ஒரு ஏகாரத்தில் ஒருவர் செல்வம் தொங்கியதைப் பாருங்கள்! ஆனால் இதை இன்று முழுதும் நம்பிவிடலாகாது. 2013இல் வேறொரு வழக்கில், அச்சொல் இல்லாவிட்டாலும் ஓர் ஊரைக் குறித்தாலே மற்ற ஊர்களை விலக்கியதாகக் கருதலாம் என்று அதே நீதிமன்றம் கூறியிருக்கிறது. போடி வழக்கின் அடிப்படையோ சொல்லைச் சார்ந்ததன்று.

ரசீதில் ‘உரியவர் பொறுப்பில்’ என்று அச்சிடும் வழக்கமும் உண்டு. அதனாலும் கவனக்குறைவுக்கான பொறுப்பு நீங்காது என்று 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

1865ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது இல்லை. 2007இல் இயற்றப்பட்ட சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2011 மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்து அதன் இடத்தைப் பெற்றது. புக்கிங் கம்பெனி, தரகர், கூரியர் ஆகியோரும் சரக்கேற்றுவோரே என்று அது வெளிப்படையாகக் கூறுகிறது. இதை நாம் வரவேற்கிறோம். ஆனால் கூடுதல் இடர்க் கட்டணம் செலுத்தாதவருக்கு ஈட்டுத் தொகை, வாடகையின் பத்து மடங்கைத் தாண்டாது. ஐம்பதாயிரம் ரூபாய்த் தோற்பைகளை ஐந்நூறு ரூபாய் வாடகைக்கு அனுப்பி இழந்தவர், ஐயாயிரத்துடன் திரும்ப வேண்டியதுதான். இவ்வரம்பை அறியாமல் அனுப்புவோரே மிகுதி.

இடையில் நிற்கும் லாரிக்காரரையும் நாம் மறக்கலாகாது. மும்பையில் சுமை ஏற்றி இறக்கும் மாத்தாடித் தொழிலாளருக்கென்று 1969இல் மகாராஷ்டிரம் தனிச் சட்டமே செய்தது. ஒற்றை லாரி உரிமையாளருக்கும் தரகருக்கும் உள்ள ஒப்பந்தமோ பெரும்பாலும் வாய்ச்சொல். மிஞ்சினால் ஒரு துண்டுச் சீட்டு. இறக்கும் இடத்தில் இரண்டு நாள் காத்துக் கிடந்ததற்கு ‘ஹால்டிங்’ கேட்டால் கிடைப்பது அரிது. ஒரு மூட்டை குறைந்தால் பாக்கி வாடகையில் பிடித்தம். இரண்டாயிரம் ரூபாய்க்காக ஓட்டத்தை நிறுத்தி நீதிமன்றம் ஏறுபவர் யார்?

வழக்குத் தொடுக்குமுன் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பது பழைய சட்டத்திலும் இருந்தது, புதியதிலும் இருக்கிறது. பழையதில், இழப்பு நமக்குத் தெரிய வந்த நாளிலிருந்து ஆறு மாதம். புதியதில் 180 நாள். அந்தக் கணக்கு, சரக்கைப் பதிவு செய்த தேதியிலிருந்தே தொடங்கிவிடுகிறது. அந்தத் தேதி ரசீதின் தலைப்பில், பெரிய எழுத்தில்தான் இருக்கிறது.