சான்றும் நீதியும்: பொஸ்ரன் ஆய்வுகூடம் புகட்டும் பாடம்

நீதிமன்றுக்குச் சான்றே கண்ணாகும். கண்டோர் கூறுஞ் சான்று மறதியாலும் பகையாலும் திரிபடையக்கூடும் என்பதனாற் குறுக்கு விசாரணை இன்றியமையாததாயிற்று. ஆயின், இரசாயனப் பகுப்பாய்வாளர் ஒப்பமிட்ட பத்திரம் திரிபற்றது என்னும் நம்பிக்கை சென்ற நூற்றாண்டில் வேரூன்றியது. அந்நம்பிக்கை எத்துணை ஆபத்தானது என்பதை அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநில வரலாறு உணர்த்துகின்றது.

பொஸ்ரன் நகரிலிருந்த ஹின்ரன் அரசாங்க ஆய்வுகூடம் பொதுச் சுகாதாரத் திணைக்களத்தின்கீழ் இயங்கியது. பொலிசார் கைப்பற்றிய பொருள்கள் போதைப்பொருள்களா என அங்கு ஆராயப்பட்டன. ஒருவர் முதற்சோதனை செய்வார். மற்றொருவர் கருவிகொண்டு அதனை உறுதிப்படுத்துவார். 2003 இல் அங்கு சேர்ந்த ஆனி டூக்கன் என்பார், ஏனையோர் மாதந்தோறும் ஆராய்ந்த மாதிரிகளினும் பன்மடங்கு மிகுதியானவற்றை ஆராய்ந்து முடித்தார். இவ்வேகம் ஐயத்துக்குப் பதிலாகப் பாராட்டையே பெற்றது.

உண்மை யாதெனில், பல மாதிரிகளை அவர் சோதியாது கண்ணாற் கண்ட அளவிலேயே முடிவு எழுதினார். உறுதிச்சோதனை அம்முடிவை மறுத்தபோது, மாதிரியிற் போதைப்பொருளைக் கலந்து தம் முடிவை மெய்ப்பித்ததும் உண்டு. முதுமாணிப் பட்டம் பெற்றவரெனப் பொய்யும் கூறினார். 2011 யூனில் 90 மாதிரிகளை முறைப்படி பதியாது எடுத்த செயல் வெளிப்பட்டது. 2012 மார்ச்சில் அவர் பதவி துறந்தார். ஓகஸ்ற்றில் ஆய்வுகூடம் மூடப்பட்டது. 2013 நவம்பரிற் குற்றங்களை ஒப்புக்கொண்ட அவருக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

இவற்றுக்கு முன்னரே, 2009 இல், மெலென்டெஸ்-டியஸ் வழக்கில் அமெரிக்க உயர் நீதிமன்று, பத்திரம் மட்டும் போதாது, பகுப்பாய்வாளரும் மன்றில் தோன்றிக் குறுக்கு விசாரணைக்கு உட்படல் வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. அவ்வழக்கும் மசச்சூசெற்ஸில் எழுந்ததே. எனினும், இவ்வுரிமை பலருக்குப் பயன்படவில்லை. போதைப்பொருள் வழக்குகளிற் பெரும்பாலான எதிரிகள், பத்திரத்தை எதிர்த்துப் பயனில்லையென எண்ணி, குறைந்த தண்டனைக்காகக் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். விளக்கமே நிகழாதவிடத்துக் குறுக்கு விசாரணைக்கு இடமேது?

பழுதான பத்திரத்துக்கும் பழுதற்ற பத்திரத்துக்கும் தோற்றத்தில் வேறுபாடில்லை. ஆதலால், ஒருவரின் பொய் அவர் ஒப்பமிட்ட அனைத்தையும் ஐயத்துக்கு உள்ளாக்கியது. ஒவ்வொரு வழக்கையும் தனித்தனியே மீளாய்வதற்கு மன்றுகளால் இயலவில்லை. ஈற்றில், மாநில மேனீதிமன்றின் 2017 சனவரித் தீர்ப்பையடுத்து, அவ்வாண்டு ஏப்பிரலில் 21,587 வழக்குகள் தள்ளுபடியாயின. ஊழல் வெளிப்பட்டு ஐந்தாண்டுகள் அப்போது கழிந்திருந்தன. பலர் தண்டனையை முன்னரே அனுபவித்து முடித்திருந்தனர். இழந்த ஆண்டுகளை எத்தீர்ப்பும் மீட்டளிக்கவில்லை. மெய்யாகவே குற்றமிழைத்தோரும் இவர்களுள் இருந்திருப்பர். ஆயினும், அவரை இவரினின்றும் பிரித்தறியும் வழியையே பொய்ப்பத்திரம் அழித்துவிட்டது.

ஒரு தனியாளின் இழுக்கென இதனை ஒதுக்குதல் பொருந்தாது. மேற்பார்வை தளர்ந்தமையையும், முறையான பயிற்சி இல்லாமையையும் பின்னர் நிகழ்ந்த அரசாங்க விசாரணை சுட்டிக்காட்டியது. விஞ்ஞானத்தின் வலிமை அதன் பெயரிலன்று, முடிவைப் பிறரும் சோதித்தற்கு இடமளிக்கும் முறையிலேயே உள்ளது. அம்முறை கைவிடப்படுமிடத்து, ஆய்வுகூடப் பத்திரமும் வெறுங் கூற்றே. அதன்மேல் எழுந்த தீர்ப்பும் நிலையாது.