கியூஆர் குறியீட்டுப் பாடநூல்

பாடநூல் பக்கத்தில் கியூஆர் குறியீட்டை அச்சிட்டு, அந்தப் பாடத்துக்குரிய ஒலிப்பதிவு, காணொளி, பயிற்சிகளை இணையத்தில் பெற வழிசெய்யும் முறை. இக்குறியீட்டை ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் 1994இல் உருவாக்கியது; வாகன உதிரிபாகங்களை அடையாளம் காண்பதே அன்றைய தேவை.

தொடக்கப்பள்ளிக்கு இதைக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர் ரஞ்சித்சிங் திசாலே. மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டம், பரிதேவாடி ஜில்லா பரிஷத் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். அங்கே குழந்தைகளின் வீட்டுமொழி கன்னடம்; பாடநூல்களோ வேறு மொழியில். அவர் கன்னடம் கற்று நூல்களை மொழிபெயர்த்தார். பிறகு பாடல், கதை, விளக்கக் காணொளி, வீட்டுப்பாடம் ஆகியவற்றைக் குறியீடுகளாக அந்நூல்களில் சேர்த்தார். மொழிபெயர்ப்பு முதலில், தொழில்நுட்பம் அடுத்து என்ற அந்த வரிசையே இம்முயற்சியின் பெருமை. 2020இல் 10 லட்சம் டாலர் உலக ஆசிரியர் பரிசை வென்று, அதில் பாதியை இறுதிச்சுற்றுக்கு வந்த மற்ற 9 பேருடன் பகிர்ந்துகொண்டார்.

தமிழ்நாட்டில் 2018இல் வெளியான 1, 6, 9, 11ஆம் வகுப்புகளின் புதிய நூல்களில் இக்குறியீடு இடம்பெற்றது. திக்‌ஷா செயலியில் திறக்கலாம். ஒன்றாம் வகுப்பில் பெரும்பாலும் ஆசிரியரின் கைபேசியே கருவி. சிக்னல் கிடைக்காத ஊர்களில் காணொளியை முந்தைய நாளே பதிவிறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.