மிகைக் கட்டணம் யாருக்குரியது?

வெருகலாற்றின்மேற் பாலம் அமையுமுன், கொட்டியாரத்திலிருந்து மட்டக்களப்புப் பக்கம் சென்றோர் தோணியை நம்பியே ஆற்றைக் கடந்தனர். தோணிக்காரன் பெற்றது கூலி. கடந்தவன் கொடுத்தான்; கடவாதவன் கொடுக்கவில்லை. அரசு அறவிடும் வரிக்கோ இத்தகைய கைம்மாறு வேண்டியதில்லை. வேறுபாடு எளியதே. ஆயினும் அரச நிறுவனமொன்று கட்டணம் என்னும் பெயரில் தன் செலவுக்கு மேலாகத் திரட்டுமாயின், அம்மிகை யாருக்குரியது?

இந்தியாவில் இதற்கு வழிகாட்டிய வழக்கு பங்குச் சந்தையில் எழுந்ததன்று, மடமொன்றில் எழுந்தது. சென்னை இராச்சியத்தின் 1951ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டம், கோயில்களும் மடங்களும் தம் வருமானத்தில் நூற்றுக்கு ஐந்துக்கு மேற்படாத தொகையை அரசுக்குச் செலுத்துமாறு விதித்தது. உடுப்பியைச் சேர்ந்த சிரூர் மடாதிபதி வழக்காடினார். அப்பணம் அரசின் பொது நிதியிற் கலந்துவிடுகிறது, செய்யப்படும் பணியின் செலவோடு அதற்குத் தொடர்பில்லை, ஆதலால் அது கட்டணமன்று, வரியே என 1954இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அவ்வரியை விதிக்கும் அதிகாரம் மாநிலச் சட்டமன்றத்துக்கு இருக்கவில்லை.

பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் 'செபி' என்னும் வாரியம், தரகரின் மொத்த வியாபாரத் தொகையை அளவாகக் கொண்டு கட்டணம் கேட்டபோது பம்பாய்த் தரகர்களும் இவ்வாதத்தையே எடுத்தனர். 2001இல் நீதிமன்றம் இணங்கவில்லை. செலவும் கட்டணமும் காசுக்குக் காசு ஒத்திருத்தல் வேண்டா என்றது. தோணிக்கூலி உவமை இவ்விடத்தில் நொண்டுகிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒழுங்குபடுத்தலின் பயனைத் தலைக்கு இவ்வளவென அளந்து கொடுத்தல் இயலாது.

மிகை கண்கூடாகத் தெரிந்தது அமெரிக்காவிலே. அங்கு 1934ஆம் ஆண்டுச் சட்டம் பங்கு விற்பனைத் தொகையில் மிகச் சிறு பங்கைக் கட்டணமாக்கியிருந்தது. 1990களில் சந்தை பெருகிற்று. விகிதம் பெருக்கத்துக்கேற்பக் குறையவில்லை. 2000ஆம் நிதியாண்டில் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பெயரால் 200 கோடி டொலருக்கு மேல் திரண்டது. ஆணைக்குழுவின் செலவோ 40 கோடியை எட்டவில்லை. 2002 ஜனவரியிற் பிறந்த கட்டண நிவாரணச் சட்டம், பத்து இலட்சம் டொலர் விற்பனைக்கு ஏறக்குறைய 33 டொலராயிருந்த கட்டணத்தை 15 டொலராக்கியது. வருங்காலச் சுமை குறைந்தது. முன்னர் அறவிட்டது மீளவில்லை.

மீளளிப்பதாயின் யாருக்கு? கட்டணத்தைச் செலுத்தியது பங்குச் சந்தை. சந்தை அதனைத் தரகரிடமும், தரகர் வாடிக்கையாளரிடமும் பெற்றனர். சந்தையிடமே திருப்பிக் கொடுத்தாற் சுமக்காதவன் கையிற் பணம் சேரும். தீர்வை தொடர்பாக இச்சிக்கலை இந்தியா 1991இல் ஒருவாறு தீர்க்க முயன்றது. சுமையைப் பிறர்மேல் ஏற்றியவருக்கு மீளளிப்பு இல்லை. அத்தொகை நுகர்வோர் நல நிதியைச் சேரும் எனத் திருத்தச் சட்டம் கூறிற்று. 1996 டிசம்பரில் மஃபத்லால் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதனை ஏற்றது. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் அந்நிதிக்குச் சென்ற பணம், முதலிற் கொடுத்தவனின் கைக்குத் திரும்புவதில்லை.