மலையும் குறுமுனியும்

வலியசாலை அக்கிரகாரத்தில் வளர்ந்த எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் தாத்தாவோடு சித்ராலயம் போவதுதான். 1935-ல் சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்தில் திறந்த அந்தக் கூடத்தில், ரவிவர்மா படங்களோடு ருஷ்ய ஓவியர் நிக்கோலஸ் ரோரிக்கின் (1874–1947) ஓவியங்களும் அப்போது இருந்தன. அவர் படங்களில் மலை வானளாவும். மனிதர் பொடியாகத் தெரிவார்.

"மலைதான் தெரியறது, ரிஷியைக் காணோமே தாத்தா?"

"நம்ம அகத்தியர் மட்டும் என்னவாம்? குறுமுனிதானேடா!"

அந்தப் பதில் இன்றும் மனசில் நிற்கிறது. சிவன் திருமணத்தில் வடக்கு தாழ்ந்தபோது, உலகைச் சமன்செய்யத் தெற்கே வந்தவர் அந்தக் குள்ள முனிவர். எடை உடம்பில் இல்லை, தவத்தில் என்பதே குறியீடு.

ரோரிக் 1925-ல் திபெத்திய யோகி மிலரேபாவை வரைந்து, 'செவிமடுத்தவர்' என்று பெயரிட்டார். திபெத்திய மரபில் மிலரேபாவின் வலக்கை காதருகே இருக்கும். அது உபதேசிக்கும் கை அல்ல, கேட்கும் கை. மலை மௌனம், ஞானி அதைக் கேட்கும் செவி.

நமக்கும் ஒரு மலை இருக்கிறது. 1,868 மீட்டர் உயர அகத்தியர்கூடம். அந்த மலைப்பகுதியிலிருந்து தாமிரபரணி கிழக்கே நெல்லைக்கும், நெய்யாறு மேற்கே நம் பக்கமும் இறங்குகின்றன. நம் முன்னோர் பலர் அந்த மலைத்தொடரைத் தாண்டி வந்தவர்களே.

என் பேரனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அகத்தியர் இலக்கணம் தந்த மொழி அவனோடு நின்றுவிடுமோ என்று பயம்தான். இப்போது ஞாயிறுதோறும் நான் வாசிக்கிறேன், அவன் கேட்கிறான். கேட்பதில்தானே எல்லாம் ஆரம்பம்!