இழுக்கும் மூலை
அத்தியாயம் 4

சென்ற வாரம் எலியை மேசைமேல் அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டோம். 1953, மான்ட்ரியால், மெக்கில் பல்கலைக்கழகம். ஹார்வர்டிலிருந்து வந்திருந்த ஜேம்ஸ் ஓல்ட்ஸும், எஞ்சினீயராக இருந்து உளவியலுக்குத் தாவிய பீட்டர் மில்னரும் எலியின் மூளைக்குள் மெல்லிய மின்கம்பியை இறக்கியிருந்தார்கள். விழிப்போடு தொடர்புடைய பகுதிக்குக் குறிவைத்தார்கள். கம்பி குறி தவறி வேறெங்கோ போய் நின்றது.

மேசையின் ஒரு மூலைக்கு எலி போகும்போதெல்லாம் ஓல்ட்ஸ் லேசாக மின்சாரம் பாய்ச்சினார். இனி அந்தப் பக்கம் அது தலைவைத்துப் படுக்காது என்றுதானே நினைப்போம்? ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே மூலைக்கு வந்து நின்றது!

அடுத்து, கூண்டுக்குள் ஒரு நெம்புகோல். அழுத்தினால் மூளைக்கு மின்சாரம். பின்னாளில் நடந்த சோதனைகளில் சில எலிகள் மணிக்கு 2,000 தடவைக்கு மேல் அழுத்தின. ஷாக் அடிக்கும் கம்பித் தரையைத் தாண்டிப் போயும் அழுத்தின.

1954-இல் கட்டுரை வெளியானது. மூளையின் ‘இன்ப மையம்’ அகப்பட்டுவிட்டதாகப் பேச்சு. பிறகு டோபமைன் வந்தது. கொக்கெயின், ஹெராயின், நிகோட்டின் எல்லாமே மூளையில் இந்த ரசாயனத்தைக் கூட்டுகின்றன என்று தெரிந்ததும் கணக்கு சுலபமாகிவிட்டது: டோபமைன்தான் இன்பம், போதை என்பது இன்பத்துக்கு அடிமையாவது.

எனக்கு அந்த எலிமேல்தான் சந்தேகம். வயிறாரப் பாயசம் குடித்தவர் இலையை மூடிவிடுவார். இந்த எலி மூடவே இல்லையே! குடியை விட முடியாதவர்களிடம் கேட்டுப் பாருங்கள். “இப்பல்லாம் பிடிக்கவே இல்ல சார், ஆனா விட முடியல” என்பார்கள். பிடிக்காததை எது தேட வைக்கிறது?

1980-களின் கடைசியில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜ் இந்த முடிச்சில் கைவைத்தார். டோபமைன் நரம்புகள் அழிக்கப்பட்ட எலிகள். தீனி மூக்குக்கு நேரே இருந்தாலும் தொடாது. குழாய் வழியே ஊட்டாவிட்டால் பட்டினியிலேயே சாகும். இன்பம் செத்துவிட்டது, வேறென்ன?

ஆனால் எலியின் முகம் பொய் சொல்லாது. இனித்தால் உதட்டை நக்கும், கசந்தால் வாயைப் பிளக்கும். பெரிட்ஜின் சோதனையில் அந்த எலியின் வாய்க்குள் சர்க்கரைத் தண்ணீர் இறங்கியது. எல்லோரும் நம்பியது சரியென்றால், அந்த உதடு அசையவே கூடாது.

அசைந்ததா?

(தொடரும்)